முடிஞ்ச மாதிரிதான்

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் அசரியா. இதைத் தெரிந்துகொள்ள யாரும் அவனிடம் கேட்க வேண்டியதில்லை, அவனே சொல்லிவிடுவான். அச்சிறுப்பாக்கம் பக்கத்தில் அவன் ஊரில் கிறிஸ்துமஸுக்கு வைத்த பேனரில் அவன் பெயரைவிட ‘பி.இ.’ பெரிதாக இருந்தது. அச்சகத்தான் செய்த தப்பு என்பான். அச்சகத்தானுக்கு எழுதிக் கொடுத்தவனும் அவன்தான்.

இரும்புலியூரில் ஓர் அறை; சானடோரியம் பகுதியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை. உள்ளே ஏதோ நடக்கிறது என்று வெளியே போகிறவர்கள் நம்ப வேண்டுமல்லவா, அதற்குத்தான் கண்ணாடி.

சேலையூரில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் பிளஸ்ஸிக்கும் அவனுக்கும் பிடித்துப்போய், பெண் கேட்க அவள் வீட்டுக்குப் போனான். அவள் அப்பா எலியேசர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சட்டைக் கைமடிப்பிலிருந்தும் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்தும் பிட்டு பிடித்தே தலை நரைத்தவர்.

“ஆபீஸ்ல என்ன பண்றீங்க தம்பி?”

“ஸீரோ காப்பி நெட்வொர்க்கிங், மாமா.”

“காப்பி அடிக்காம இருக்கறதுக்கெல்லாம் இப்ப சம்பளம் குடுக்குறாங்களா?”

சமையலறையில் பிளஸ்ஸி சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றது கேட்டது. அசரியா விளக்கினான்.

“ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள்ள நெறைய கம்ப்யூட்டர் குடித்தனம் இருக்கற மாதிரி, மாமா. ஒவ்வொண்ணுக்கும் நெசமில்லாத ஒரு நெட்வொர்க் கார்டு. உள்ள இருக்கற சேதி வெளிய போகணும்னா முன்னல்லாம் அதைக் காப்பி எடுத்துதான் குடுப்பாங்க. நேரம் வீணு. இப்ப சேதி இருக்கற எடத்துக்கே ஒரு ஜன்னலைத் தொறந்துவிட்டு, அட்ரஸை மட்டும் குடுத்துடுவோம். வெளிய இருக்கறவன் படிச்சு முடிச்சதும் ஜன்னலைச் சாத்திட்டு, அந்த எடத்தை அடுத்த சேதிக்குக் குடுத்துடுவோம். தொறக்கறது சாத்தறது எல்லாம் நான் எழுதுற டிரைவர்ங்கற புரோகிராம்தான்.”

எலியேசர் யோசித்தார். “வாட்ச்மேன் வேலை.”

“இன்ஜினியர், மாமா.”

“சரி, நிரந்தரமா?”

அங்கேதான் இடித்தது. அசரியா இன்னும் ப்ரொபேஷனில் இருந்தான். எலியேசர் தீர்ப்புச் சொன்னார்: “கன்ஃபர்மேஷன் லெட்டர் வரட்டும். வந்த ஞாயித்துக்கிழமையே ஆயர்கிட்ட சொல்லி ஓலை வாசிக்க வச்சுடறேன்.”

சபையில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, தடை உண்டா என்று கேட்காமல் கல்யாணம் கிடையாது. லெட்டர் இல்லாமல் ஓலை கிடையாது. லெட்டரோ மேனேஜர் ராகவேந்திராவின் கையில் இருந்தது.

ராகவேந்திரா தினமும் காலையில் எல்லாரையும் நிற்க வைத்து, “முடிஞ்சுதா?” என்று கேட்பார். “முடிஞ்ச மாதிரிதான் சார்” என்பார்கள். பலகையில் பச்சை அடிப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் அசரியா “இல்ல சார்” என்று சொல்லித் தொலைத்தான். ஜெபத்தின் நடுவே செல்போன் அடித்தவனைப் பார்ப்பதுபோல் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

ஜன்னலுக்கு வெளியே நின்று படிக்கிற புரோகிராமை எழுதியவர் லோகநாதன், அந்த ஆபீஸில் ரொம்ப சீனியர். படித்து முடித்ததும் அவர் புரோகிராம் ‘முடிந்தது’ என்று தகவல் அனுப்பும். அதை நம்பித்தான் அசரியாவின் டிரைவர் ஜன்னலைச் சாத்தும். ஒருநாள் அவர் எழுதியதைப் படித்துப் பார்த்த அசரியா நேராக அவர் மேசைக்கே போய்விட்டான்.

“அண்ணா, ‘முடிஞ்சுது’ன்னு எப்ப அனுப்புறீங்க? படிச்ச பெறகா?”

“அட்ரஸ் வந்தவொடனே அனுப்சுடுவேன்.”

“படிக்கவே இல்லியேண்ணா!”

“அட்ரஸே வந்துட்ச்சு, படிக்க எம்மாம் நேரம் ஆவும்? முடிஞ்ச மாதிரிதான் மச்சான்.”

“நான் அதை நம்பி எடத்தை அடுத்த சேதிக்குக் குடுத்துடறேன். நீங்க பாதி படிக்கறப்பவே அங்க வேற எவனோ எழுதிட்டிருப்பான்.”

“டெஸ்ட்ல ஓடுதா இல்லியா?”

“டெஸ்ட்ல சேதிக் கூட்டமே இல்லண்ணா.”

“கூட்டம் வர்றப்ப பாத்துக்கலாம். சும்மா பேஜார் பண்ணாத.”

அசரியா ராகவேந்திராவிடம் போனான். நிஜமாகப் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், அதனால் வேகம் கொஞ்சம் குறையும் என்றான்.

“ஸ்லைடு க்ளையன்ட்டுக்குப் போயாச்சு அசரியா,” என்றார் ராகவேந்திரா. “ஸ்லைடுல இருக்கற ஸ்பீடைக் கோடுல கொண்டு வர்றதுதான் இன்ஜினியரிங். அதுலயும் ப்ரொபேஷன்ல இருக்கறவங்க கொஞ்சம் பாசிட்டிவா இருக்கணும். உங்க பார்ட் முடிஞ்சுதா?”

பிளஸ்ஸி நினைவுக்கு வந்தாள். அவளை மறைத்துக்கொண்டு எலியேசர் வந்தார்.

“முடிஞ்ச மாதிரிதான் சார்.”

பச்சை.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. முழுசாகப் படித்த பிறகே ‘முடிந்தது’ என்று சொல்லும்படி லோகநாதன் எழுதியதைத் திருத்தி, ஒரு பிரதியைத் தன் லேப்டாப்பில் தனியாக வைத்துக்கொண்டான். ஸீரோ காப்பிக்காரன் எடுத்த ஒரே காப்பி அதுதான்.

டெமோ பார்க்க க்ளையன்ட் சார்பில் பெங்களூரிலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார். மாதிரிக்காக ஒரு குடித்தனக் கம்ப்யூட்டரிலிருந்து ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளும், இன்னொன்றிலிருந்து ஓட்டல் ஆர்டர்களும் போய்க்கொண்டிருந்தன. முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ராகவேந்திரா மகிழ்ந்துபோய்ச் சேதிகளின் கூட்டத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டினார்கள். திரையில் ஒரு ரிப்போர்ட் வந்து நின்றது:

நோயாளியின் வயது: ஐம்பது. வெறும் வயிற்றில் சர்க்கரை: பரோட்டா இரண்டு, சால்னா தனியாக.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். லோகநாதன் தரையில் எதையோ தேட ஆரம்பித்தார். ராகவேந்திரா மெதுவாகத் திரும்பி, “ஜன்னல் சாத்தறது அசரியாதான்,” என்றார். பாராட்டுகிறாரோ என்று ஒரு நிமிஷம் தோன்றும்படி அவ்வளவு இனிமையாக.

இனி லெட்டர் வராது என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு வாய் தானாகத் திறந்தது.

“மேடம், இங்க ‘முடிஞ்சுது’ன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல. நானும் அப்படித்தான் சொன்னேன். திருத்தினது எங்கிட்ட இருக்கு. கொஞ்சம் மெதுவாப் போகும். சால்னா வராது.”

போட்டுக் காட்டினான். கூட்டத்தை எவ்வளவு கூட்டியும் சர்க்கரை சர்க்கரையாகவே வந்தது. “இது போதும், சரியா இருக்கறதுதான் எங்களுக்கு முக்கியம்,” என்றார் அந்த அம்மாள்.

“அதைத்தான் நான் டீம்ல தினமும் சொல்றேன் மேடம்,” என்றார் ராகவேந்திரா.

மேடத்தை வழியனுப்பிவிட்டு வந்த அவர் அசரியாவின் தோளைத் தட்டினார். அந்தச் சூட்டோடு இவன் கேட்டுவிட்டான்: “சார், என் கன்ஃபர்மேஷன் லெட்டர்?”

“ஹெச்.ஆர்.கிட்ட சொல்லியாச்சுப்பா. முடிஞ்ச மாதிரிதான்.”

சாயங்காலம் பிளஸ்ஸிக்குப் போன் செய்து, அந்த வார்த்தையை அப்படியே சொன்னான். “அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத. லெட்டர் கைக்கு வரட்டும்,” என்றும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை சேலையூர் ஆலயத்தில், எலியேசர் தன் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அறிவிப்பு வேளையில் ஆயர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “முதலாம் ஓலை,” என்றார். “அசரியா, பி.இ. அவர்களுக்கும், நமது சபையைச் சேர்ந்த பிளஸ்ஸிக்கும்...”

அசரியா எலியேசர் பக்கம் சாய்ந்தான். “மாமா, லெட்டர் இன்னும் வரலியே!” என்று கிசுகிசுத்தான்.

“பிளஸ்ஸி சொன்னா, முடிஞ்ச மாதிரிதான்னு,” என்றார் எலியேசர், முன்னால் பார்த்தபடியே. “படிச்ச பிள்ளைங்க வேலை செய்ற எடம். சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

ஆயர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர் இருந்தால் தெரிவிக்கலாம் என்று சொல்லிச் சபையைப் பார்த்தார். மின்விசிறிகள் சுற்றின. பெண்கள் பக்கத்திலிருந்து பிளஸ்ஸி திரும்பி அசரியாவை ஒரு பார்வை பார்த்தாள்.

அத்தனை பெரிய சபையில் தடை அறிந்தவன் ஒரே ஒருவன்தான். முடிந்ததற்கும் முடிந்த மாதிரிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெங்களூர் அம்மாளுக்கே விளக்கிச் சொன்னவன். ஜன்னல் திறந்து சாத்துவதே தொழிலாகக் கொண்ட அவன், அன்றைக்கு வாயை மட்டும் இறுக்கமாகச் சாத்திக்கொண்டான்.