அமாவாசையை மறந்தவர்

செஞ்சி ரைஸ் மில்லில் இன்ஜின் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். தூக்கம் கெட்ட கண்கள். கை சுத்தமாக இருந்தாலும் இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டே பேசுவார்.

யாரோ வெள்ளைக்கார துரை விட்டுப்போன ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, இன்னொரு கார்புரேட்டர் பொருத்தி வேகத்தைக் கூட்டியிருந்தார். முதல் ஓட்டத்துக்கு என்னை ஏற்றிக்கொண்டார். அன்று அமாவாசை, மேல்மலையனூர் கோயிலுக்குக் கூட்டம் திரளும் நாள். செஞ்சிக்கு மாற்றலாகி வந்த எனக்கு அது தெரியாது. உள்ளூர்க்காரரான அவரே மறந்துவிட்டார். மேல்மலையனூர் ரோடு முழுக்க ஜனம். மாட்டுவண்டிக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து ரேடியேட்டர் கொதித்து, கார் நின்றது. கோயிலுக்குப் போகிறவர்கள்தான் தள்ளி ஓரம் கட்டினார்கள்.

"வேகமா போவ வெச்சேன் சார். இதுக்கு மெதுவா போவத் தெரியல," என்றார் சலிப்போடு.

மறுவாரம் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்.

"வேகத்தைக் குறைக்கிறீங்களா?"

"இல்ல சார், இன்னும் கொஞ்சம் ஏத்தறேன்," என்றார் கொட்டாவி விட்டபடி.

எந்த ரோட்டுக்காக என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.