பொம்மை வீட்டுக்குப் பூச்சு வேலை

கூரியர்காரர் பெட்டியை நீட்டியபோது, "பேத்திக்கா டீச்சர்?" என்று கேட்டார். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். எனக்குப் பேத்தி கிடையாது. ஒரே மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். அவனுக்குப் பெண் பார்க்கும் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுகிறான். இல்லாத பேத்தியின் பெயரில் ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருத்தி தனக்குத்தானே பொம்மை வீடு வாங்கிக்கொண்டாள் என்று எங்கள் தெருவில் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்ததில் வந்த பொய் அது.

பெட்டிக்குள் முழு வீடு இல்லை. அழுத்திச் செய்த மரத்தூள் பலகையில் வெட்டிய சுவர்கள், தரைகள், கூரை, ஒரு மாடிப்படி, எல்லாம் எண் போட்டுத் தட்டையாக அடுக்கியிருந்தன. நாம்தான் ஒட்டி நிறுத்த வேண்டும். சுவரில் ஒட்ட ரோஜாப்பூ போட்ட காகிதம், இரண்டு குட்டிக் கீல்கள், எப்படிச் செய்வது என்று படம் போட்ட ஒரு தாள். முன்பக்கச் சுவர் மட்டும் கீலில் திறக்கும். மற்ற மூன்று பக்கமும் அடைத்தது அடைத்ததுதான்.

நான் வாங்கியது அந்த வீட்டுக்காக இல்லை, அதன் சமையலறைக்காக. அதைச் சொல்ல வேண்டுமென்றால் நாங்கள் குடியிருக்கும் நிஜ வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெரம்பலூரில் நாங்கள் இந்த வீட்டைக் கட்டி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கட்டும்போது நான் கேட்டது ஒன்றே ஒன்று. அடுப்புக்குப் பின்சுவரில், தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். தோசை திருப்பும்போது யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கரும்பு ஏற்றிக்கொண்டு எறையூர் சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர் எந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு போகிறது என்று காதால் கேட்டால் போதாது, ஓட்டுகிறவன் முகத்தையும் பார்க்க வேண்டும். பெரிய ஆசை ஒன்றும் இல்லை. வரைபடத்திலும் அந்த ஜன்னல் இருந்தது. அப்போது விடைத்தாள் திருத்தும் பணிக்காகப் பத்து நாள் திருச்சியில் தங்கவேண்டி வந்தது. திரும்பி வந்து பார்த்தால் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு தட்டு வைத்த ஷெல்ஃப். காற்றடித்தால் கேஸ் அணைந்துவிடும் என்று கொத்தனார் சொன்னாராம், என் கணவரும் சரி என்றாராம். அன்றிலிருந்து மிளகாய்த்தூள் டப்பாவையும் மல்லித்தூள் டப்பாவையும் பார்த்தபடிதான் சமைக்கிறேன். ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் காய்கறி வண்டி, நான் அடுப்பைச் சிறிதாக்கி ஹாலைத் தாண்டி வாசலுக்கு ஓடுவதற்குள் அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். அன்று நான் வாயே திறக்காமல் பொறுத்துப் போனேன் என்பதை இத்தனை வருஷமும் ஒரு பெருமையாகவே மனசுக்குள் வைத்திருந்தேன்.

இந்த முறை கொத்தனாரும் நானே, வீட்டுக்காரியும் நானே. அதனால்தான் பெட்டியைப் பிரித்த அன்றே ரோஜாப்பூ காகிதத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டேன்.

இவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முப்பத்தோரு வருஷம் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை. தினமும் காலையில் பஸ் ஏறிப் போய், சிமெண்டும் மணலும் குழைத்துக் கட்டி கட்டியாக வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் எடுத்து மெஷினில் வைத்து உடைப்பார். எவ்வளவு பாரம் ஏற்றியதும் உடைந்தது என்று எழுதி வைப்பார். செய்வது, நனைப்பது, உடைப்பது. அதற்குத்தான் சம்பளம். போன வருஷம் ஓய்வு பெற்றார். இப்போது உடைப்பதற்கு எதுவும் இல்லாமல் வீட்டில் இருக்கிறார்.

முதல் சுவரை நான் ஒட்டி நிறுத்தியபோது விரலால் தட்டிப் பார்த்தார். "அட்டை" என்றார். மாடிப்படியைத் தட்டினார். "இதுவும் அட்டை." வாழ்நாளெல்லாம் சிமெண்டோடு கிடந்தவருக்கு அந்த வீடு பெரிய அவமானமாகத்தான் இருந்திருக்க வேண்டும். நான் கண்டுகொள்ளவில்லை.

சமையலறை இடது மூலையில் இருந்தது. முன்சுவரைத் திறந்தாலும் உள்ளே சரியாகத் தெரியாது. எனவே இடது பக்கச் சுவரை ஒட்டாமல் விட்டு, அதையும் கீலில் திறக்கும்படி செய்யத் தீர்மானித்தேன். நகைப்பெட்டிக்குப் போடும் பித்தளைக் கீல் இரண்டு தேடிப் பிடித்தேன். விரல் நகத்தை விடச் சின்னது. முதல் திருகாணியை முறுக்கியதுமே பலகை பிளந்தது. பல் குத்தும் குச்சியைப் பசையில் தோய்த்து ஓட்டையில் செருகிக் காயவிட்டு, மறுபடி முறுக்கினேன். நின்றது. அன்று எனக்குள் ஒரு கர்வம் வந்தது உண்மை. அந்தச் சுவரில்தான், அடுப்புக்கு நேர் மேலே, என் ஜன்னல். தாளில் இருந்த படத்தில் அங்கே ஜன்னல் கிடையாது. பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறி எடுக்க நாலு நாள் ஆனது.

மேடையும் அடுப்பும் அந்தச் சுவரோடு சேர்ந்தே இருந்ததால், சுவரைத் திறந்தால் அடுப்பும் கூடவே வெளியே வந்துவிடும். இவர் அதைத் திறந்து திறந்து மூடினார்.

"ஒல கொதிக்கறப்ப யாராச்சும் செவுத்த தொறந்தா என்ன ஆவுறது?"

"திறக்கறதுக்கு முன்னாடி பெல் அடிச்சிட்டு வரச் சொல்லுங்க."

மேடைக்குக் கறுப்புக் கல் மாதிரி ஏதாவது வேண்டும் என்று பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிளைவுட் கடைக்குப் போனேன். கடைக்காரர் சன்மைக்கா சாம்பிள் துண்டுகள் கோர்த்த சங்கிலியை என் முன்னால் விரித்தார். அரை மணி நேரம் பார்த்து, புள்ளி போட்ட கறுப்பைத் தேர்ந்தெடுத்தேன்.

"எத்தன ஷீட்டுங்க வேணும்?"

"நாலு இன்ச்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சங்கிலியிலிருந்து அந்தத் துண்டையே கழற்றி, "வச்சுக்கங்க டீச்சர், பேத்திக்குத்தான?" என்றார். செய்தி அதற்குள் கடைத்தெரு வரை வந்திருந்தது. பேத்தி எந்த வகுப்பு படிக்கிறாள் என்று யாரும் கேட்பதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தரைக்கு, பளபளப்பான பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டினேன். உற்றுப் பார்த்தால் பொம்மைக் குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் ஒரு சதுரத்தில் 'சுற்றமும் நட்பும்' என்று இருக்கும். சுவருக்கு இளமஞ்சள் வண்ணம். ஜன்னலுக்கு ஊதுவத்திக் குச்சியில் கம்பி. எல்லாம் முடிந்த சாயங்காலம் சுவரை மூடி, கண்ணை ஜன்னல் பக்கம் வைத்து உள்ளே பார்த்தேன். வெளிச்சம் நேராக மேடையில் விழுந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், அந்த வெளிச்சம் மங்கும்வரை அங்கேயே குனிந்து நின்றேன்.

அந்த நேரம் பார்த்து விக்கிரமங்கலத்தில் அக்கா வீட்டில் காதுகுத்து. மூன்று நாள் போய்விட்டு வந்தேன்.

வந்தபோது இவர் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் அறிவேன். யாரும் கேட்காத உதவியைச் செய்துவிட்டு நிற்கும்போது மட்டும் வருவது. கையிலிருந்த பையைக்கூட வாங்காமல், "வா வா, வந்து பாரு" என்று உள்ளே நடந்தார்.

சாப்பாட்டு மேஜைமேல் பொம்மை வீடு ஈர வேட்டியால் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. மேஜையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பக்கத்தில் ஒரு கிண்ணம், கரண்டி, என் டீ வடிகட்டி.

"மணல் சலிச்சேன்" என்றார், நான் வடிகட்டியைப் பார்ப்பதைப் பார்த்து. "நைசா வேணும்ல. சமையக்கட்டு செவுரு பூராவும் வெள்ளை சிமெண்டுல பூசிட்டேன். வெறும் பெயிண்டு எத்தன நாளைக்கு நிக்கும்? க்யூரிங் போயிட்டு இருக்கு. ஏழு நாளு நனைச்சா போதும், அப்பறம் இடிச்சாலும் ஒடையாது."

மரத்தூள் பலகையை மூன்று நாளாகத் தண்ணீர் விட்டு நனைத்திருக்கிறார். வேட்டியை விலக்கினேன். சுவர்கள் டீயில் விழுந்த ரஸ்க் போல ஊதியிருந்தன. குச்சி செருகி நான் முறுக்கிய திருகாணிகள் வெளியே பிதுங்கி, ஒரு கீல் கழன்று தொங்கியது. இடது சுவர் மூடவில்லை. ஆனால் நான் முதலில் பார்த்தது அதை இல்லை. மேடைக்கு மேலே ஒரே வெள்ளையாக இருந்தது. ஜன்னல் இல்லை.

"ஜன்னல் எங்கங்க?"

"அதுவா? படத்துல பாத்தேன், அங்க ஜன்னலே இல்ல. பிளேடு கிளேடு தவறிடுச்சு போல, குச்சி வச்சி ஒப்பேத்தியிருக்கன்னு நெனச்சேன். ஓட்டை இருந்தா மூலையில விரிசல் வுடும். அடச்சிட்டேன்."

நான் கையிலிருந்த பையைத் தரையில் போட்டேன். காதுகுத்து வீட்டுப் பலகாரம் உடையும் சத்தம் கேட்டது.

"ரெண்டாவது தடவ" என்றேன். குரல் எனக்கே பெரியதாகக் கேட்டது. "நான் ஊர்ல இல்லாதப்ப என் ஜன்னல அடைக்கறது இது ரெண்டாவது தடவ!"

"எது ரெண்டாவது?" என்றார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அடுப்புக்கு எதிரே நிறுத்தி ஷெல்ஃபைக் காட்டினேன். இருபத்திரண்டு வருஷக் கதையை, டிராக்டர்காரன் முகம் முதல் காய்கறி வண்டி வரை, மூச்சு விடாமல் கொட்டினேன். வகுப்பில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைக்கவும் இல்லை.

இவர் ஷெல்ஃபையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீ நல்லாருக்குன்னு சொன்ன."

"யாரு?"

"நீதான். திருச்சியிலேர்ந்து வந்து எறங்குன. இதே எடத்துல நின்ன. நான் எப்படி இருக்குன்னு கேட்டேன். நல்லாருக்குன்னு சொன்ன. வரைபடத்துல இல்லாததச் செஞ்சிட்டமே, கோச்சுக்குவியோன்னு பத்து நாளும் எனக்கு பயம். நீ சொன்னப்பறம்தான் சோறு எறங்குச்சு."

மறுத்துப் பேசத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அது நினைவுக்கு வந்துவிட்டது. ஈர சிமெண்ட் வாசனை. முழங்கை வரை வெள்ளையாக, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற மனிதர். அந்த முகத்தைப் பார்த்து வேறு எதுவும் சொல்ல மனம் வராமல் நான்தான் சொன்னேன். நல்லா இருக்கு. நான் வாயே திறக்கவில்லை என்பது இல்லை. திறந்து, பொய் சொல்லியிருக்கிறேன். சொன்னதை மறந்துவிட்டு, அதை நம்பிய மனிதர்மேல் இருபத்திரண்டு வருஷம் கோபமாக இருந்திருக்கிறேன். இல்லாத பேத்தியைப் பற்றி ஊருக்குப் பொய் சொல்ல எனக்கு ஏன் அவ்வளவு சுலபமாக வந்தது என்று அப்போது விளங்கியது. பழக்கம்தான்.

"நல்லா இல்லைங்க" என்றேன். "அன்னிக்கும் நல்லா இல்ல."

அவர் ஹாலுக்குப் போனார். கோபித்துக்கொண்டு டிவியைப் போடப்போகிறார் என்று நினைத்தேன். அளவு நாடாவும் பென்சிலும், அந்தப் படத்தாளும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டினார்.

"அந்த செவுரு வீணாப் போச்சு. வேற பலகை வெட்டித் தரேன். சிமெண்டு வெக்க மாட்டேன்" என்றார். "ஜன்னல் எந்த ஒசரத்துல வேணும்?"

வரைபடம் போட்டவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. அடுப்புக்கு முன்னால், தினமும் நிற்கும் இடத்தில் போய் நின்று, தோள் உயரத்துக்குக் கையை வைத்துக் காட்டினேன். அவர் முழங்கால் வலியோடு குனிந்து, தரையிலிருந்து என் கை வரை நாடாவைப் பிடித்தார்.

"நாலடி" என்றார். தாளைத் திருப்பிச் சுவரில் வைத்து எழுதத் தொடங்கினார். "இந்த பொம்ம வூட்டுல அடிக்கு ஒரு இன்ச்சு கணக்கு. அப்ப நாலு இன்ச்சு."

நான் அவர் கையிலிருந்த பென்சிலைப் பிடித்து நிறுத்தினேன்.

"இன்ச்சு வேணாம். நாலடின்னே எழுதுங்க."