மேகனாவின் துப்பாக்கிக்குச் சிவப்பு மணி

பாலக்கரையில் டெல்பினின் மூக்குக்கண்ணாடிக் கடை என்றால் ஆட்டோக்காரர்கள் வழி கேட்காமல் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். எந்த ஃபிரேம் போட்டால் ஆள் எடுப்பாகத் தெரிவார், எதைப் போட்டால் திருதிருவென்று முழிப்பார் என்று முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். வாரம் முழுக்க ஊரார் கண்ணைக் கவனித்துக்கொள்கிறவள், ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்த கையோடு துப்பாக்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திருவெறும்பூர் தாண்டி இருக்கும் கிளப்புக்குக் கிளம்பிவிடுவாள். அங்கே ஆகாயத்தில் வீசப்படும் ஆரஞ்சு நிற மண் தட்டுகளைச் சுட்டு உடைப்பதில் அவளுக்கு அப்படியொரு ஆனந்தம். "தட்டை உடைக்க அவ்வளவு தூரம் போவானேன், வீட்டிலேயே உடைக்கலாமே" என்று அவள் புருஷன் கேட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிட்டான்.

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. செயலாளர் செல்லக்கண்ணு வீட்டிலிருந்து பெரிய ஃபிளாஸ்க்கில் சுக்குக் காப்பி கொண்டுவருவார். அன்றைக்கு அதிகம் சுட்டவருக்குத்தான் முதல் டம்ளர். வருஷக் கணக்காக அந்த டம்ளர் டெல்பின் கையில்தான் இருந்தது. மாநிலப் போட்டிக்குப் பெண்கள் பிரிவில் மாவட்டத்திலிருந்து போகிற ஒரே இடமும் அவளுடையதுதான். கோயில் மணியக்காரர் பதவி மாதிரி அது தனக்கே என்று எழுதி வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஸ்ரீரங்கத்திலிருந்து மேகனா வந்து சேர்ந்தாள். வங்கியில் அதிகாரி, சின்ன வயசு. முதல் மாதம் தட்டுகள் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போய் விழுந்தன. ஆறு மாதத்தில் ஒன்றும் முழுசாகத் தரைக்கு வரவில்லை. ஒரு ஞாயிறு செல்லக்கண்ணு முதல் டம்ளரை மேகனாவிடம் நீட்டியபோது, இரண்டாவதாக வந்த காப்பியை டெல்பின் வாயில் வைக்க முடியாமல் செடிக்கு ஊற்றினாள். பொறாமைதான், வேறென்ன. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வயிறு எரிந்தது. அந்தப் பெண் மரியாதையாகப் பேசுவதை நினைத்தால் இன்னும் எரிந்தது.

மாநிலப் போட்டிக்கு ஆளெடுக்கும் இந்த வருஷத் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மேகனாவின் துப்பாக்கி முனையில் குறிக்காகத் திருகியிருந்த, பாசிமணி போன்ற பித்தளை மணி கழன்று புல்லில் விழுந்து தொலைந்தது. எல்லோரும் தேடினார்கள், கிடைக்கவில்லை.

"அக்கா, நீங்கதான் எல்லாருக்கும் போட்டுத் தரேள். எனக்கும் எது சரின்னு நீங்களே பாத்து மாட்டிக் கொடுத்துடுங்கோ" என்றாள் மேகனா.

கண்ணாடிக் கடைக்காரிக்குத் திருகாணியும் இடுக்கியும் கைவந்த விஷயம் என்பதால், கிளப்பில் யாருக்கு மணி மாட்ட வேண்டுமென்றாலும் டெல்பின்தான். அவள் பெட்டியில் அன்று இரண்டு மணிகள் இருந்தன. ஒன்று மிளகு அளவில் வெள்ளை. இன்னொன்று நீளமான சிவப்பு; வெயில் பட்டால் தணல் போல ஜொலிக்கும்.

ரைஃபிளில் முனையிலிருக்கும் குறிமுள்ளைப் பார்த்துச் சுட வேண்டும். பறக்கிற தட்டைச் சுடுகிற துப்பாக்கியில் அப்படிப் பார்த்தால் கெட்டது காரியம். கண் தட்டின் மேலேயே இருக்க வேண்டும். மணி கண்ணோரத்தில் தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் போதும். மணியைப் பார்த்தால் கை ஒரு கணம் நிற்கும், அதற்குள் தட்டு போய்விடும். சிவப்பு மணி கண்ணைப் பிடித்து இழுக்கும் என்று டெல்பினுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அதை எடுத்தாள்.

"இது வெயில்ல பளிச்சுன்னு தெரியும் மேகனா."

அது பொய்யில்லை என்று தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஆனால் வேலையில் குறை வைக்க அவளுக்கு வரவில்லை. குழல் காலியாக இருக்கிறதா என்று பார்த்தாள். மரை பொருந்துகிறதா என்று விரலாலேயே திருகிப் பார்த்து, ஒரு சொட்டுப் பசை விட்டு, இம்மி சாயாமல் நேராக நிறுத்தினாள். திருகு குழலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று குச்சி விட்டும் பார்த்தாள். கெடுக்க நினைத்த மனசுக்கும் திருத்தமாக வேலை செய்கிற கைக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருந்தது.

தேர்வு நாளன்று வெயில் சுள்ளென்று அடித்தது. கடைசியில் இருவரும் சமமாக நின்றார்கள். இனி ஆளுக்கொரு தட்டு. ஒருத்தி அடித்து மற்றவள் தவறவிட்டால் முடிந்தது. முதலில் மேகனா, பக்கத்திலேயே டெல்பின்.

மேகனா துப்பாக்கியைத் தூக்கினாள். முனையில் சிவப்பு எரிந்தது. இப்போது கண் அதில் போகும், இப்போது போகும் என்று டெல்பின் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு தூள் தூளானது. டெல்பின் தன் தட்டை அடித்தாள். மறுபடி மேகனா தூக்கினாள், மறுபடி சிவப்பு, மறுபடி தூள். டெல்பின் தன் துப்பாக்கியைத் தோளில் வைத்து, தட்டை வீசச் சொல்லி இங்கிலீஷில் "புல்" என்று கத்தினாள். தட்டு கிளம்பிய இடத்தில் அவளுக்குத் தட்டு தெரியவில்லை, கண்ணுக்குள் சிவப்புப் புள்ளி நின்றது. அதைத் தள்ளிவிட்டுத் தேடுவதற்குள் ஆரஞ்சுத் தட்டு முழுசாகப் போய்ப் புல்லில் உட்கார்ந்தது.

எல்லோரும் கைதட்டி முடித்த பிறகு அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்தச் சிவப்பு உன் கண்ணை உறுத்தலையா?"

"எது அக்கா?" மேகனா குழல் முனையைத் திருப்பிப் பார்த்தாள். "ஓ, இதுவா! துப்பாக்கியைத் தூக்கினா எனக்குத் தட்டைத் தவிர ஒண்ணும் தெரியறதில்லையே."

செல்லக்கண்ணு நீட்டிய முதல் டம்ளரை வாங்கி அவள் டெல்பின் கையில் வைத்தாள். "அக்கா கைராசி சார். அவா செலெக்‌ஷன்தான் இந்த மணி" என்று எல்லோரும் கேட்கச் சொன்னாள். டெல்பின் அந்தக் காப்பியை ஒரு சொட்டு விடாமல் குடிக்க வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு கிளப்பில் செல்லக்கண்ணு தன் துப்பாக்கியோடு அவள் மேஜைக்கு வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் நின்றார்கள்.

"எங்களுக்கும் அந்தச் சிவப்பு மணியே போட்டுக் குடும்மா."

டெல்பின் இடுக்கியை எடுத்தாள்.