இழுத்துப் பார்த்தால் எல்லாப் பனியனும் பெரிசுதான்

இன்றைக்கு வேலம்பாளையத்தில் எனக்கு இரண்டு பனியன் கம்பெனி. நான் படித்தது மூன்றாவது வரைக்கும்தான். எம்.பி.ஏ. படித்தவன் என் முன்னால் உட்காராமல் நின்றுதான் பேசுவான். இதைச் சொல்லாமல் நான் எந்தக் கதையையும் ஆரம்பிப்பதில்லை.

போன வாரம் சிறப்புப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் பேக்கிங் பழக வந்திருந்தார்கள். ஒரு பையன் பெட்டியை வைத்துக்கொண்டு தடுமாறினான். கூட வந்த டீச்சரம்மா உதவிக்குப் போகவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "அடுத்து என்ன பாக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

"இதெல்லாம் எங்க ஊட்டுல அந்தக் காலத்துலயே நடந்துதுங்க டீச்சர்" என்றேன். சிரித்துக்கொண்டார். நம்பவில்லை என்று தெரிந்தது.

உண்மையாகவே நடந்தது. என் அக்காவுக்குப் புத்தி கொஞ்சம் மெதுவாக ஓடும். பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அம்மா பனியன் கம்பெனியில், தைத்து வந்ததில் பழுது பார்க்கும் செக்கிங் வேலை பார்த்தாள். அக்காவைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண் கல்யாணமாகிப் போனதும் வீட்டில் ஆள் இல்லை. கம்பெனி மேஸ்திரி ஒரு வழி சொன்னார்: "சைஸ் பிரிக்கத் தெரிஞ்சுதுன்னா கூட்டியாங்க, உங்க பக்கத்துலயே உக்காரட்டும். இல்லீனா நீங்க ஊட்டுலயே இருந்துக்கங்க." அம்மாவின் வேலை அக்காவின் கையில் இருந்தது.

கழிவுப் பனியன்களை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மா பழக்கினாள். அளவுப் பனியன் ஒன்றைத் தரையில் விரிப்பாள். அதன்மேல் இன்னொன்றை வைத்து, பெரிசென்றால் இந்தப் பக்கம், சின்னதென்றால் அந்தப் பக்கம் போடவேண்டும். ஆனால் பனியன் துணி ஏமாற்றும். இழுத்துவிட்டால் சின்னதும் பெரிசாகிவிடும். அக்காவோ எதைக் கொடுத்தாலும் இழுப்பாள். முதலில் அம்மா அவள் கையைப் பிடித்தே உதறி, விரித்து, வைத்தாள். பிறகு முழங்கையை மட்டும் தொட்டாள். அதற்கும் பிறகு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "உதறியாச்சா கண்ணு? இப்ப என்ன பாக்கணும்?" என்று கேட்பதோடு சரி.

எனக்குப் பொறுமை இல்லை. எதிரில் உட்கார்ந்து, சரியான பக்கம் எதுவோ அந்தப் பக்கமாகத் தாடையை ஆட்டினேன். அக்கா பட்பட்டென்று போட்டாள். ஒன்றும் தப்பவில்லை. 'எங்கக்காளுக்கு வாத்தியார் நான்தான்' என்று வீதியெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் நான் கோலி ஆடப் போயிருந்தபோது, அக்கா பனியனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

"அவ பனியனப் பாக்கறதில்ல சாமி, உன்ற மூஞ்சியப் பாக்கறா" என்றாள். அன்றிலிருந்து என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டாள். கெட்டிக்காரனுக்கு இதுதான் மரியாதையா என்று எனக்கு ஒரே கோபம்.

அக்கா பிரிப்பதை மேஸ்திரி பார்ப்பதாகச் சொன்ன நாளில் நானும் கம்பெனிக்குப் போனேன். அக்கா உட்கார்ந்ததும் என் முகத்தைத் தேடினாள். அம்மா என்னை ஒரு முறை முறைத்தாள். நான் போட்டிருந்த தொளதொளப் பனியனுக்குள் தலையை இழுத்துக்கொண்டேன். மெல்லிய துணி, உள்ளேயிருந்தும் எல்லாம் தெரிந்தது.

அக்கா நாலைந்தைச் சரியாகப் போட்டாள். அடுத்ததை எடுத்து ஒரே இழுப்பு. சின்னதைப் பெரிசுகளின் குவியலில் போட்டுவிட்டாள். போச்சு என்று நினைத்தேன். அம்மா கையை முதுகுக்குப் பின்னால் கட்டியபடியே நின்றாள். அக்கா அடுத்ததை எடுக்கப் போன கையை நிறுத்தினாள். போட்டதைத் திரும்ப எடுத்தாள். உதறினாள். "இப்ப என்ன பாக்கணும்?" என்று தானே கேட்டுக்கொண்டு, இழுக்காமல் விரித்துப் பார்த்து, சின்னதுகளின் குவியலுக்கு மாற்றினாள்.

"என்னுங்க, ஒண்ணு தப்பிப்போச்சே?" என்றார் மேஸ்திரி.

"அத அவளே கண்டுபுடிச்சாளுங்களே!" என்றாள் அம்மா. கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள்.

மேஸ்திரி உட்காரும் மனைக்கட்டை ஒன்றைக் காலால் தள்ளி அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டார். "நாளைக்கு வரும்போதே கூட்டிட்டு வந்துருங்க."

திரும்பி வரும்போது அம்மா அக்காவுக்கு ஒரு பெரிய பன் வாங்கிக் கொடுத்தாள். ஒன்றுகூடத் தப்பாமல் போட வைத்த எனக்கு ஒன்றுமில்லை, தப்பாகப் போட்டவளுக்குப் பன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தேன். அக்கா பன்னைப் பிய்த்தாள். இரண்டு துண்டையும் இழுக்காமல் ஒன்றின்மேல் ஒன்று வைத்து நிதானமாகப் பார்த்தாள். பிறகு பெரிசை என்னிடம் நீட்டினாள்.

பாவம், இன்னமும் பெரிசு எது சின்னது எது என்று தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டே வாங்கித் தின்றேன்.