தானாகக் கத்திய ரெண்டாம் கட்டை

சின்னக்கானல் எஸ்டேட் திருவிழா நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிக்க வந்தவர் ஒல்லியான ஆள். வாசிக்கும்போது கட்டைகளைப் பார்க்க மாட்டார். பாடுகிறவன் தொண்டையையே பார்ப்பார்.

எனக்கு ராஜா வேஷம். ராஜா நாலு கட்டைச் சுருதியில் பாட வேண்டும் என்பது எங்கள் லயத்து வீடுகளில் வழக்கம். போன வருஷம் அப்படிப் பாடித்தான் தொண்டை உடைந்தது, சனம் ஊளையிட்டது. அதை அவரிடம் சொல்லிவிட்டு, இந்த வருஷமும் நாலுதான் கேட்டேன்.

திரை தூக்கும் நேரத்தில் ஆர்மோனியப் பெட்டி கத்த ஆரம்பித்தது. துருத்தியில் காற்றடித்ததுமே ரெண்டாம் கட்டை தானாக ஒலித்தது. தட்டினார், நெம்பினார், நிற்கவில்லை.

“என்னண்ணே இது, இந்த நேரத்துல?”

“பனி குடிச்சுக் கட்டை உப்பிப்போச்சுப்பா. எந்திரிக்க மாட்டேங்குது. இனி ரெண்டுலதான் பாடணும்.”

“அவ்வளவு கீழயா? கேலி பண்ணியே கொன்னுருவானுகண்ணே.”

“போன வருஷம் மட்டும் மாலையா போட்டானுக? போய்ப் பாடுலே.”

பாடினேன். தொண்டை உடையவில்லை. ஒருத்தரும் ஊளையிடவில்லை.

மறுநாள் காலை லாரி ஏறும் முன் பெட்டியைத் திறந்து வாசித்துப் பார்த்தார். பனி அப்படியேதான் இருந்தது. எந்தக் கட்டையும் தானாகக் கத்தவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் என் தொண்டையைப் பார்த்தார்.