சாவு விழுந்த அன்று மலைக்குப் போனவள்

சர்மிளா அதிகம் பேசமாட்டாள். கடையில் சாமான் கேட்கக்கூடப் பக்கத்தில் நிற்பவர் போகட்டும் என்று காத்திருப்பாள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஆனால் கொழுந்து மலையில் நிரை பிடித்து, தலையைக் குனிந்து, கை தேயிலைக்குள் போய்விட்டால் அவளுக்கு வாய் திறந்துவிடும். அங்கே யார் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை. அப்படித்தான் கதை சொல்ல ஆரம்பித்தாள்.

போன மழையில் சரிவில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அதற்குப் பிறகு அவளுக்குக் கொழுந்து தேறவில்லை. குறித்த கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர்தான் விழும், அரை நாள் சம்பளம். அடிக்கடி அரைப்பேர் வாங்குகிறவர்களைக் கொழுந்திலிருந்து நிறுத்திப் புல்வெட்டுக்கு அனுப்பப்போவதாகக் காலையில் ஆளெடுக்கும் பெரட்டில் சொல்லியிருந்தார்கள். அந்தக் கையால் அவள் மண்வெட்டி பிடிக்க முடியாது. கொழுந்து போனால் வேலையே போன மாதிரி.

பக்கத்து நிரைக்காரிகள்தான் தாங்கினார்கள். கதை ஓடுகிற வரைக்கும் வலது பக்கம் ராசம்மாவும், இடது பக்கம் பிரியந்தியும் போகிறபோக்கில் ஆளுக்கொரு பிடி கொழுந்தை அவள் கூடையில் போடுவார்கள். அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கதை நின்றால் பிடியும் நிற்கும் என்பது சர்மிளாவுக்குத் தெரியும்.

கதையில் கோமதி என்று ஒரு மருமகள். தேவா அவளுடைய கொழுந்தன். நல்லம்மா அவளுடைய கூட்டாளி. சர்மிளாவைப் போல வாய் திறக்காதவள், எல்லாவற்றையும் ஓரமாக நின்று பார்ப்பவள். சொல்லும்போதெல்லாம் நல்லம்மாவின் பேச்சு வந்தால் சர்மிளாவின் குரல் கொஞ்சம் இறங்கும். வெள்ளிக்கிழமை சொன்ன கதையில் கோமதியின் மாமியார் விடியற்காலையில் கண்ணை மூடினாள். மருமகள் மடியில் தலைவைத்துத் தண்ணீர் குடித்துவிட்டுச் செத்தாள். பிரியந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கொழுந்து பறித்தாள்.

திங்கட்கிழமை சர்மிளா விட்ட இடத்திலிருந்து எடுத்தாள்.

"பொணத்த எறக்கிட்டாங்க. எல்லாரும் மண்ணு அள்ளிப் போடுறாங்க. அந்தக் குழிமேட்டுலயே நல்லம்மா கோமதி காதுல சொல்றா. 'இன்னைக்குக் காலையில மலையில கொழுந்து எடுக்கையில கேட்டேன்டி. தேவா போன்ல யார்கிட்டயோ பேசுனான். ஒங்க மாமியா தானா சாகல, மருந்து குடுத்துருக்கான்.'"

ராசம்மா மூச்சை உள்ளே இழுத்தாள். பிரியந்தியின் கை நின்றுவிட்டது.

"இன்னைக்குக் காலையிலயா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"கெழவி விடியக்காலையிலயே செத்தாச்சேக்கா. தப்பு அடிச்சு லயம் லயமா சொல்லியாச்சு. சாவு விழுந்த அன்னைக்கு மலைக்கு யாரு போவா?"

சர்மிளாவுக்குக் காது சூடேறியது. அந்தத் தோட்டத்தில் சாவு விழுந்தால் அன்று பெரட்டே கிடையாது. மலையில் ஒரு கூடை இருக்காது. நடுவில் சனி, ஞாயிறு கழிந்ததில் அவளுக்கு அடக்கம் இன்னொரு நாளாகப் பட்டுவிட்டது. கதைக்குள்ளே ஒரு பகல்கூடக் கழியவில்லை.

"தொர பலவந்தமா வேலைக்கு எறக்கியிருப்பாரோ?" என்றாள் ராசம்மா.

"எறக்கியிருந்தா தொரைக்கும் சேத்துல்ல குழி வெட்டியிருப்பாங்க" என்றாள் பிரியந்தி. பிறகு குரல் மாறியது. "வெள்ளிக்கெழம அந்த அழுக அழுதேன். வாய்க்கு வந்தத சொல்றதுக்கா நான் அழுதேன்?"

இருவரும் தங்கள் நிரையில் விறுவிறுவென்று முன்னே போய்விட்டார்கள். சர்மிளா கோணல் கையை வலிக்க வலிக்க வீசிப் பறித்தாள். கூடையில் ஒரு பிடியும் விழவில்லை.

பகல் நிறுவையில் கங்காணி பழனியாண்டி தராசைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "என்னம்மா, பாதிகூட இல்லையே. அந்தியிலயும் இப்புடின்னா நாளைக்குப் பெரட்டுல நான் சொல்லித்தான் ஆகணும். என்மேல கோவிச்சுக்கக் கூடாது."

சர்மிளா ரொட்டியைப் பிட்டாள், வாயில் வைக்கவில்லை. சாவைச் சாயங்காலத்துக்கு மாற்றலாம் என்றால், விடியற்காலைத் தண்ணீருக்குப் பிரியந்தி அழுது முடித்துவிட்டாள். அடக்கத்தை மறுநாளைக்குத் தள்ளினாலும் பிணம் கிடக்கையில் யாரும் கூடை எடுக்கமாட்டார்கள். எதைத் தொட்டாலும் பிரியந்தி பிடித்துவிடுவாள். நல்லம்மா சொன்ன சொல்லைத் திரும்பத் திரும்ப மனதில் ஓட்டிப் பார்த்தாள். 'மலையில கேட்டேன்.' அதைச் சொன்னது நல்லம்மா. சர்மிளா இல்லை.

வழி தெரிந்துவிட்டது. அந்த வழியில் போக அவளுக்குப் பிடிக்கவில்லை. ரொட்டியைச் சுருட்டித் துணிக்குள் வைத்தாள்.

பகலுக்குமேல் பனி இறங்கி, பக்கத்து நிரை மங்கலாகத் தெரிந்தது. சர்மிளா யாரும் கேட்காமலே ஆரம்பித்தாள்.

"நல்லம்மா அன்னைக்கு மலைக்குப் போகல."

கொழுந்து ஒடிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"போனேன்னு பொய் சொன்னா. கோமதிக்கும் சொன்ன பொறவுதான் ஒறச்சிச்சு, சாவு அன்னைக்கு எவ மலைக்குப் போவான்னு. கையில அள்ளுன மண்ண அப்புடியே வச்சுக்கிட்டு நல்லம்மாவப் பாத்தா."

பிரியந்தியின் நிரையில் சத்தம் நின்றது. "அப்ப அவ எங்கதான் இருந்தா?"

"கோமதியோட காம்பராவுல, அடுப்படிக்குள்ள. கெழவிக்குத் தண்ணி மொண்டு குடுத்தவ அவதான். தேவா அந்தத் தண்ணியில என்னமோ கலந்ததையும் பாத்துக்கிட்டுத்தான் நின்னா. வாயத் தொறக்கல."

"அடிப்பாவி" என்றாள் ராசம்மா மெதுவாக. "அந்த ஊமச்சியா?"

"நான் அப்பயே நெனச்சேன்" என்றாள் பிரியந்தி. "ஓரமா நின்னு பாக்குறவளுங்கள நம்பவே கூடாதுக்கா."

அவள் நிரை தாண்டி வந்து சர்மிளாவின் கூடையில் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். ராசம்மாவும் போட்டாள். கொழுந்து ஈரமாக இருந்தது. கூடை முதுகை இழுத்தது.

அந்தி நிறுவையில் பகலில் விட்டதும் சேர்ந்து தேறியது. கங்காணி முழுப்பேர் போட்டார்.

லயத்து வீடுகளுக்கு இறங்கும்போது இருவரும் நல்லம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். அவளைப் பொலிஸில் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்றாள் ராசம்மா. பொலிஸ் போதாது என்றாள் பிரியந்தி. சர்மிளா பின்னாலே நடந்து வந்தாள். வளைவு வந்தபோது அவளால் பொறுக்க முடியவில்லை.

"அவளுக்குப் பயம்" என்றாள்.

பிரியந்தி திரும்பிப் பார்த்தாள். "பயந்தவ குழிமேட்டுல மட்டும் எதுக்கு வாயத் தொறந்தா?"

சர்மிளா தலையைக் குனிந்துகொண்டாள். அது அவளுக்கும் தெரியவில்லை.