சூரியனுக்குப் பக்கத்தில் செலின் அக்காவின் துண்டு ஒன்று

தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறை வாசலில், மோட்டார் எரிந்துபோன கிரைண்டரை வைத்துக்கொண்டு நின்றிருந்தபோது லூர்து போனில் கூப்பிட்டார். செலின் அக்காவின் தம்பி. "மத்தியானம் சாப்ட்டுட்டு செத்த நேரம் படுத்தாங்க, எழுந்திருக்கவே இல்லங்க" என்றார். செலின் அக்கா மத்தியானத்தில் படுத்தாரா? முதலில் அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. அவரோடு பழகிய ஏழெட்டு வருடங்களில் அவர் பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்தி ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தபடிதான் சாப்பிடுவார். பட்டறைக்காரர் "கிரைண்டர என்னாம்மா பண்றது?" என்று கேட்டார். கிரைண்டரை அங்கேயே விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

புதுச்சேரியில் அவர் குடியிருந்த சாரம் பகுதியில் அவரை மதாம் என்றுதான் எல்லாரும் அழைத்தார்கள். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அக்கா இளம் வயதிலேயே பிரான்சுக்குப் போய்ப் பொறியியல் படித்து, வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். என்ன வேலை பார்த்தார் என்பது தெருவில் பலருக்குத் தெரியாது. கண்ணாடிக் கம்பெனி என்று சிலர் சொன்னார்கள். அதிலும் பாதி உண்மைதான்.

எனக்கு அவர் அறிமுகமானது ஒரு சண்டையில். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். லாஸ்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் சூரியனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். சூரியனின் மேல்பரப்பைவிட அதைச் சுற்றியிருக்கும் கரோனா என்ற மெல்லிய ஒளிவட்டம் பல மடங்கு சூடானது, அது ஏன் என்று பார்க்கத்தான் ஒரு விண்கலத்தைச் சூரியனுக்கு அத்தனை அருகே அனுப்பியிருக்கிறார்கள் என்றேன். வெள்ளைக் கவசம் ஒன்று அதன் எல்லா உறுப்பையும் நிழலில் வைத்திருக்கும் என்றும் சொன்னேன். பின்வரிசையில் சுவரோரமாக நின்றிருந்த ஒரு அம்மா கையைத் தூக்கினார். "எல்லாத்தையும் இல்லைங்க. ஒரு கிண்ணம் வெளிய எட்டிப் பாத்துக்கினு நிக்குது."

பேச்சின் நடுவே குறுக்கிட்டால் எனக்குப் பிடிக்காது. கூட்டம் முடிந்ததும் நேராக அவரிடம் போனேன். "இவ்வளவு தெரிஞ்சவங்க முன்னாடியே சொல்லியிருந்தா மேடையில நாற்காலி போட்டிருப்பேனே?" என்றேன். "அதனாலதான் சொல்லல. நாற்காலி போட்டா உக்காரணும்" என்றார். அதற்கு மேல் எப்படிக் கோபப்படுவது?

பிரான்சின் தெற்கு மலையில், சரிவெல்லாம் கண்ணாடி பதித்து வெயிலை ஒரே புள்ளியில் குவிக்கும் சூரிய உலை ஒன்று இருக்கிறது. குவியும் இடம் ஒரு சோற்றுப் பானை அளவுதான். அங்கே இரும்பு வைத்தாலும் உருகி ஓடும். விண்கலத்தின் கவசத்துக்கு வெளியே நீட்டியிருக்கும் அந்தக் கிண்ணம், சூரியக் காற்றின் துகள்களைப் பிடித்து அளப்பது. அதில் சேர்க்கலாமா என்று பல பொருள்களை அந்த வெயிலில் சுட்டுப் பார்த்தவர்களில் அக்காவும் ஒருவர். அவர் கைக்கு வந்தது நகம் அளவு பீங்கான் வகைத் துண்டு. கிண்ணத்துக்குள் மின்கம்பியைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய துண்டு.

ஒளியை உள்ளே விடவும் நிறுத்தவும் அங்கே பெரிய கதவுகள் உண்டு. திறப்பதைச் சட்டென்று திறந்தாலும் மூடுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மூட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஒருநாள் சோதனையின் கடைசியில் மேகம் ஒன்று வருவதைப் பார்த்த அக்கா, அது வந்து அளவைக் கெடுப்பதற்குள் முடித்துவிடலாமென்று கதவை ஒரே மூச்சில் மூடிவிட்டார். சட்டென்று ஆறியதில் துண்டில் மயிரிழை போல ஒரு கீறல். மேலதிகாரி அந்தப் பொருளே வேண்டாம் என்று ஒதுக்கப் பார்த்தார். "தப்பு அதும்மேல இல்ல, எம்மேல. அவசரப்பட்டு மூடுனது நான்" என்று அக்கா மல்லுக்கு நின்றார். மறுபடி சுட்டு, நிதானமாக ஆறவிட்டார்கள். தாங்கியது. அந்தப் பொருளே கிண்ணத்துக்குள் போனது. மேலதிகாரி மட்டும், "இங்கே தாங்கியது சரி. அங்கே திரும்பத் திரும்பப் போய் வர வேண்டுமே" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அந்த ஒரு வாக்கியம் அக்காவைக் கடைசிவரை உட்காரவிடவில்லை. அந்த விண்கலம் சில மாதங்களுக்கு ஒருமுறை சூரியனை நெருங்கும், விலகும், மறுபடி நெருங்கும். நாமெல்லாம் நெருங்குவதை நினைத்து வாயைப் பிளப்போம். அக்காவுக்கு விலகுவதில்தான் பயம். "சூட்டுல எதுவும் வெடிக்காது வசந்தி. ஆறுறப்போதான் வெடிக்கும். ஆறுறத யாரு பாக்குறாங்க?" என்று என்னிடம் சொல்வார். துண்டு உடைந்தால் அவர் அன்று சொன்ன வார்த்தை பொய்யாகிவிடும். தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டு ஓட்டைப் பொருள் ஒன்றை உள்ளே தள்ளிவிட்டவர் ஆகிவிடுவார். அங்கே போய் மாற்றி வைக்கவும் யாராலும் முடியாது.

எல்லாச் சுற்றுகளையும்விட மிக அருகே விண்கலம் போனது ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சாயங்காலம். ஊரே கேக் வாங்க அலைந்துகொண்டிருக்க, அக்கா என் வாசலில் வந்து நின்றார். "வண்டிய எடு." கடற்கரைக்குப் போகலாமா என்றேன். "சூரியனுக்கு முதுகக் காட்டிக்கினு நிக்கச் சொல்றியா?" என்றார். எனவே மேற்கே, ஊசுட்டேரிக்கு. நெரிசலில் திட்டிக்கொண்டே ஓட்டினேன். பின்னாலிருந்து அவர் சிக்னலைத் திட்டினார்.

ஏரிக்கரையில் அவர் நடந்த நடையில் கொக்குகள் எழுந்து பறந்தன. வெயில் தணிந்து சூரியன் சிவந்து இறங்கியது. "அலோர்" என்றார், 'சரி' என்பதற்கு அவர் வாயில் வரும் பிரெஞ்சுச் சொல்; "இப்போ அங்கதான் இருக்கு" என்று நின்றார். மறுபடி நடந்தார். மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் பொறுக்கமாட்டாமல், "இன்னா மதாம் தேடுறீங்க?" என்று கேட்டார். அக்கா சூரியனைக் காட்டினார். "என் துண்டு ஒண்ணு அங்க மாட்டிக்கினு இருக்கு." அவர் சூரியனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு என்னிடம் மெதுவாக, "அம்மாவ வீட்டுக்குக் கூட்டினு போங்க, பனி எறங்குது" என்றார். நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

அந்த நாட்களில் விண்கலத்திலிருந்து பேச்சு வராது. அவ்வளவு அருகே இருக்கும்போது அதால் பூமியோடு பேச முடியாது. அக்கா வீட்டில் கிறிஸ்துமஸ் பிரியாணி அடிப்பிடித்தது. பிறகொரு காலையில், நலமாக இருக்கிறேன் என்ற ஒற்றைச் சைகை மட்டும் பூமிக்கு வந்தது. நான் துள்ளிக் குதித்துப் போன் செய்தேன். "உயிரோட இருக்கேன்னு சொல்லுது. கை கால் நல்லா இருக்குன்னு சொல்லிச்சா?" என்றார். "உங்களுக்குச் சந்தோஷப்படவே தெரியாதாக்கா?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் அவர் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். பிரான்சிலிருந்து பழைய சகா ஒருவர் கூப்பிட்டார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அக்கா எதையோ ஒருமுறை கேட்டார், அதையே இன்னொரு முறையும் கேட்டார். போனை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"என்னக்கா ஆச்சு?"

"கிண்ணத்துலருந்து அளவெல்லாம் வந்துருச்சாம். உள்ள கீறல் விட்டிருந்தா அளவு கோணும். கோணல, வசந்தி. போயி, ஆறி, அப்படியே இருக்கு." கையைத் தட்டிச் சிரித்தார். கண்ணில் நீர் வழிந்தது. "அலோர், அன்னிக்குத் தப்பு எம்மேலதான்! முழுசா எம்மேலதான்!"

தன் குற்றம் உறுதியானதற்காக இப்படிச் சிரித்த ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கல்லூரியில் எத்தனையோ பேரோடு வேலை பார்த்தேன். சோதனை பிசகினால் கருவி சரியில்லை என்போம், மாணவன் சரியில்லை என்போம், மின்சாரம் சரியில்லை என்போம். இவர் அலமாரியைத் திறந்து மீதியிருந்த கேக்கை வெட்டி என் வாயில் ஊட்டினார். அழுதுகொண்டே தின்றேன். அது கொஞ்சம் காய்ந்திருந்தது. நாங்கள் தின்று முடிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். "அடுத்த சுத்து எப்போ வருதுன்னு பாரு."

அவரை அறிந்தவர்கள் பலரும் அடக்கத்தன்று, "இனியாவது நிம்மதியா இருக்கட்டும்" என்றார்கள். அன்போடுதான் சொன்னார்கள். எனக்கு அது கோபத்தைத் தந்தது. நிம்மதி அவர் கேட்ட பொருளே இல்லை. சொன்ன வார்த்தைக்குக் கடைசிவரை பின்னாலேயே நடந்தவர் அவர். எதற்கும் பொறுப்பேற்காதவர்களுக்குத்தான் நல்ல தூக்கம் வரும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்த இருப்புக்கொள்ளாமையைத்தான். நேற்று விண்கலம் மறுபடியும் சூரியனை நெருங்கிவிட்டு விலகத் தொடங்கியது. துண்டு இப்போது ஆறிக்கொண்டிருக்கும். வீட்டில் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்து பார்த்தேன். இன்று சாயங்காலம் வண்டியை வெளியே எடுத்து, ஸ்டார்ட் செய்து, தெருமுனை வரை வந்துவிட்டேன். யாரை ஏற்றிக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.